தாய்வீடு இல்லாத பிரசவங்கள்

போர் துரத்திய கர்ப்பிணிகளின் மனக்காயத்துக்கு வைத்தியம் உண்டு. அது முகாம் வாசல்வரை போவதுதான் பாக்கி.

பெங்களூர் அடுகோடியை ஒட்டிய ஓசூர் சாலையில் இருக்கிறது நிம்ஹான்ஸ், நாட்டின் தலையாய மனநல நிறுவனம். அங்கே 2009-ல் ஐந்து படுக்கைகளுடன் ஒரு வார்டு திறக்கப்பட்டது. பிரசவத்தை ஒட்டி மனநலம் குன்றிய தாயையும் அவளது கைக்குழந்தையையும் பிரிக்காமல் வைத்துச் சிகிச்சை தரும், இந்தியாவின் முதல் வார்டு அது.

இது பிரிட்டனில் 1948-லேயே முளைத்த யோசனை. பேராசிரியர் பிரபா சந்திராவும் சகாக்களும் அதை நம் ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். முக்கியமான மாற்றம்: அம்மாவோ, அக்காவோ, மாமியாரோ, பெண் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கை. வீடு திரும்பிய பிறகும் அதே கை.

அந்தக் கை இல்லாத பெண் என்ன செய்வாள்?

தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துப்போவார்கள். பத்தியச் சோறு, குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி, இரவில் விழித்திருக்கும் அம்மா என்று எல்லாமே அங்கே கிடைக்கும். போர் முதலில் பறிப்பது இந்த வீட்டைத்தான். 2009-ல் வன்னியில் போர் முடிந்தபோது ஏறத்தாழ 2.8 லட்சம் பேர் செட்டிக்குளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. கணவன் எங்கே, தாய் எங்கே என்று தெரியாமலே பலர் பிள்ளை பெற்றார்கள்.

கடல் தாண்டித் தமிழகம் வந்தவர்களின் கதை வேறு வகை. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். 2020-களின் தொடக்கத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அடி அறையில் குடும்பமே புழங்கிய நிலையை மாற்ற, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. ஆனால் சட்டம் மாறவில்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு, பெற்றோர் இருவரும் அந்நியராக இருந்தால், இங்கே பிறந்த குழந்தைக்கும் பிறப்பால் இந்தியக் குடியுரிமை கிடையாது. முகாமில் கருவுறும் பெண்ணின் கவலைப் பட்டியலில் இதுவும் ஒன்று.

கவலை எந்தத் தாய்க்குத்தான் இல்லை என்று தள்ளிவிட முடியாது. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் சுமார் 16 சதவீதத்தினருக்கும், பிரசவித்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கும் மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. போர் பாதித்த பகுதிகளில், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து, ஐந்தில் ஒருவருக்கு மேல் மனநலப் பாதிப்பு உண்டு. இரண்டும் ஒருத்தியிடமே சேர்ந்தால் விளைவு தாயோடு நிற்பதில்லை. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், வளர்ச்சியும் தடைப்படலாம்.

சிக்கல், கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. மனச்சோர்வு என்பது அச்சில் வரும் சொல். பெண்கள் அதைச் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது என்பார்கள், தலை பாரமா இருக்கு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தம்மிடம் வந்தவர்கள் சொன்ன குறைகளில் ஒன்றாகப் பெருமூச்சைக் குறிப்பிடுகிறார். போர் கண்ட மனம் உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் தமிழ் வடிவமும் 2005-ல் சோதித்து ஏற்கப்பட்டது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா என்று தொடங்கும் பட்டியல், தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று முடிகிறது. கேட்டு முடிக்கச் சில நிமிடங்கள் போதும்.

கேட்ட பிறகு? மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை என்று காட்டியது பாகிஸ்தானின் ராவல்பிண்டி. அங்கே டாக்டர் அதிஃப் ரஹ்மான் குழுவினர், கிராமத்துப் பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வடைந்த கர்ப்பிணியின் வீட்டுக்கே போய் 16 முறை பேசுவதுதான் வேலை. குழந்தைக்காக என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். 903 தாய்மார்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்த உதவி பெற்றவர்களில் 23 சதவீதத்தினர் மட்டுமே மனச்சோர்வில் இருந்தனர். பெறாதவர்களில் 53 சதவீதம். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இதையே கையேடாக்கியது.

தமிழகத்தில் இதற்கான ஆட்கள் இல்லாமல் இல்லை. கர்ப்பிணிகளைத் தேடிப்போகும் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஒஃபர் அமைப்பு, முகாம் பெண்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்கியிருக்கிறது. நிம்ஹான்ஸின் வழிகாட்டலில் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. ரத்த அழுத்தம், எடை, ரத்தசோகை எல்லாம் பார்க்கும்போது பத்துக் கேள்விகளும் சேர்ந்துவிட்டால், கஷ்டப்படுகிறவள் யார் என்று தெரிந்துவிடும். முற்றியவளை மருத்துவமனைக்கு அனுப்பலாம். மற்றவளுக்குப் பக்கத்து வரிசைப் பெண் போதும்.

அவளால் தாயாக முடியாது. ஆனால் ராத்திரி குழந்தை அழும்போது கதவைத் தட்டி, 'நான் வெச்சிருக்கேன், நீ கொஞ்சம் தூங்கு' என்று சொல்ல முடியும். அடுகோடி வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர் செய்வதும் இதைத்தான்.