கழுத்துத் தமனியும் அழற்சியும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதை நம்மிற் பலரும் கண்டிருப்போம். ஒரு கிளை கொள்ளிடமாய் வடபாற் செல்லும். மற்றொன்று காவிரியென்னும் பெயரோடே தென்பால் ஒழுகும். இடையே திருவரங்கம் தீவாய் விளங்கும். முற்காலத்தில் அப்பிரிவிடத்தே மணல் படிந்து காவிரியின் வாய் மேடிட்டமையால், நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்திற் பாய்ந்து வீணாயிற்று. அக்குறை நீக்கவே ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டில் அங்கு மேலணை கட்டத் தொடங்கினார்.

நம் உடலிலும் இத்தகைய பிரிவிடம் ஒன்று உண்டு. கழுத்தின் இருமருங்கும் மேலே செல்லும் தமனி, தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும் குருதி கொணரும். மற்றது முகத்திற்குச் செல்லும். பிரியுமிடத்துச் சுவரோரம் ஓட்டம் தளர்ந்து சுழல்வதால், அங்கேதான் பெரும்பாலும் கொழுப்புப் படிந்து வழி குறுகுகின்றது.

ஆயினும் ஆற்றுவமை ஓரளவே பொருந்தும். மணல் உயிரற்றது, தமனியின் சுவரோ உயிருள்ளது. புகைபிடித்தல், உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு என்பவற்றால் அதன் உட்புறம் ஊறுபடுங்கால், குருதியிலுள்ள கொழுப்பு சுவரினுட் புகும். வெள்ளணுக்கள் விரைந்து வந்து அதனை விழுங்கும். செரிக்கமாட்டாது அங்கேயே மடியும். மடிந்தவற்றை அகற்ற மேலும் அணுக்கள் வந்து சேரும். முள் தைத்த விரல் சிவந்து வீங்குவதும் இத்தகைய செயலே. இதனை அழற்சி என்பர். விரலில் அது சின்னாளில் தணியும்; தமனியிலோ பல்லாண்டு கனன்றுகொண்டிருக்கும். செருமானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ 1856-இலேயே இதனைக் குறித்தார். அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் ராஸ் 1999-இல் இந்நோய் அழற்சி நோயே என விளக்கினார்.

இதனை அறிவதாற் பயன் யாதெனின், வழி எவ்வளவு குறுகியது என்பது மட்டுமே கேட்டின் அளவன்று. படிவின்மேல் நார்த்தோல் ஒன்று போர்த்திருக்கும். அழற்சி மிகின் அத்தோல் அரிக்கப்பட்டுக் கிழியும். கிழிந்தவிடத்துக் குருதி உறைந்து, அதன் துணுக்குகள் மூளையைச் சென்று அடைக்கும். அதுவே பக்கவாதம்.

திருவரங்கத்தில் யாம் அறிந்த பெரியவர் ஒருவர், ஒருநாட் காலை காப்பி அருந்துகையில் வலக்கை தளர்ந்து, பேச்சும் குழறினார். கால் நாழிகையில் எல்லாம் சரியாயிற்று. வெறும் பித்தமென்று அவரும் சொன்னார், யாமும் நம்பினோம். பத்தாம் நாள் அவர் நாவும் வலப்புறமும் முற்றும் செயலிழந்தன. முதல் நாளே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கலாமே என்னும் வருத்தம் எம்மை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே.

அறிகுறி தோன்றி, தமனி நூற்றுக்கு எழுபது பங்குக்குமேற் குறுகியிருப்பின், படிவை அறுத்தகற்றல் நலமென 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஸ்டேட்டின் மருந்துகள் கொழுப்பைக் குறைப்பதோடு அழற்சியையும் ஓரளவு தணிக்கும். கொழுப்பைக் குறையாது அழற்சியை மட்டும் தணித்த மருந்தொன்று மாரடைப்பைக் குறைத்ததென 2017-இல் அறியப்பட்டது.

சங்கப் புலவர் போற்றியதும், தமிழ்நாட்டின் மாநில மலருமாகிய காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்னும் பொருள் உண்டு. அதுவும் அழற்சியைத் தணிப்பது. சிற்றளவில் அது இதய நோயாளர்க்கு உதவியதென 2020-இல் ஓர் ஆய்வு கண்டது. பக்கவாதமுற்றாரிடை நிகழ்த்திய ஆய்வோ, 2024-இல், உறுதியான பயனை நிலைநாட்டவில்லை. காந்தட் கிழங்கு உயிர்கொல்லும் நஞ்சாதலின், அதனை எவரும் தாமே உண்ணலாகாது.

ஆதலின் அன்பர்காள், முகம் கோணினும், கை தளரினும், சொல் குழறினும், ஒரு கண் சற்றே இருளினும், அது நொடியில் நீங்கினும், வாளாவிராது 108-ஐ அழைத்தல் வேண்டும். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்துள் அளிக்கப்பட வேண்டியது. வீட்டிலுள்ள முதியோர்க்கு இதனை இன்றே எடுத்துரைத்தல் மாணவராகிய நம் கடனாம்.