ஒரு வழு, மூன்று பேர்

யாழ்ப்பாணத்தில் நான் மென்பொருள் சோதனையாளர். என்ன வேலை அது என்று கேட்பவர்களுக்கு அடையாள அட்டைக் கதையைத்தான் சொல்வேன். 2016இலிருந்து புதிய அட்டைகளில் 12 இலக்கங்கள். பழையவற்றில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். நாங்கள் செய்த மருத்துவ முன்பதிவுச் செயலி பழையதை ஏற்கவில்லை.

நிரலாளருக்கு எந்த எண், எந்தத் திரை, என்ன பிழைச்செய்தி என்று எழுதினேன். முகாமையாளருக்கு அது உதவாது. "பழைய அட்டை கூடுதலாக வயதானவர்களிடம்தான். வைத்தியரிடம் போவதும் அவர்கள்தானே" என்றேன். வெளியீடு இரண்டு நாள் பிந்தியது. வாடிக்கையாளருக்குக் கோபம், அதுவும் நியாயமே.

பிறகு கரவெட்டியில் அம்மம்மாவின் அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஏற்றது. அடுத்த திரையில் "குடும்பப் பெயர் கட்டாயம்" என்றது. எங்கட ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அடுத்த வழு அறிக்கையை அங்கேயே இருந்து எழுதினேன்.