ஈறுகளுக்கு ஒரு ஜனக் கணக்கு

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் பாட்டிமார் வாக்கு. பல் எதனால் போகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் சொத்தையையே குற்றம் கூறுவார்கள். வயது வந்தோர் பல்லை இழப்பதற்கு மற்றொரு பெருங்காரணம் ஈறு நோய். முற்காலத்தில் பற்பொடி விளம்பரங்களில் ‘பயோரியா’ என்று அடிபட்ட வியாதி இதுவே. அதிக வலியின்றி வளர்வதால் பலர் இதை ஒரு வியாதியாகவே மதிப்பதில்லை. இது நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு உண்டு? கேள்வி எளிது, விடை எளிதன்று.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03 இல் நாடெங்கும் ஒரு கணக்கெடுப்பு நடத்திற்று. 35 முதல் 44 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 89.6 பேருக்கு ஈறு நோய் உண்டென்றும், 65 முதல் 74 வயதுள்ளோரில் 79.9 பேருக்கே உண்டென்றும் அது கூறியது. முதுமையில் ஈறுகள் தாமே குணமடைந்துவிடுகின்றனவா? இல்லை. விழுந்துவிட்ட பல்லின் ஈற்றை எவரும் அளக்க முடியாது. நோய் முற்றிப் பல்லைக் கொண்டு போன பின், நோயும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. தொகை குறைந்ததைக் கண்டு மகிழுமுன் எத்தனை பற்கள் மிஞ்சியிருந்தன என்று கேட்பதே அறிவுடைமை.

அளக்கும் முறையையும் சிறிது அறிந்துகொள்வோம். உலக சுகாதார ஸ்தாபனம் 1982 முதல் பரப்பிய முறையில் கருவி ஒன்றுதான். நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டையும், 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை ஒரு கறுப்புப் பட்டையும் உடைய மெல்லிய கம்பி அது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே அதனை மென்மையாகச் செலுத்துவார்கள். இரத்தம் கசிந்தால் 1. பற்காறை தட்டுப்பட்டால் 2. பள்ளம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழமானால் 3. 6 அல்லது அதற்கு மேலானால் 4. ஒவ்வொரு பகுதிக்கும் அதில் கண்ட மிக மோசமான எண்ணே குறிக்கப்படும்.

ஆகவே, கோட்டை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்தே தொகை அமையும். கசிவையும் காறையையும் நோயென்று எண்ணினால் ஏறக்குறைய ஊரே நோயாளி. ஆழ்ந்த பள்ளத்தை மட்டும் எண்ணினால் சிலரே. இவ்விரண்டில் எது உண்மைக்கு அருகில் உள்ளது?

இதற்கு விடை தேட உலகத்துக்கு உதவியவர்கள் நம் தமிழ் மக்களே என்பதைப் பலர் அறியார். நார்வே நாட்டு அறிஞர் ஹெரால்டு லோவும் அவருடைய சகாக்களும் 1969 இல் ஆஸ்லோ நகரில் மாணவரும் கல்விமான்களுமாக 565 ஆடவரைப் பரீட்சித்தார்கள். 1970 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளரைப் பரீட்சித்தார்கள். ஆஸ்லோவினர் பல் துலக்கிப் பழகியவர்கள். பல் வைத்தியமும் பெற்றவர்கள். தோட்டத்தாருக்கோ பல் தூரிகையும் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. அவர்கள் எல்லோர் வாயிலும் அழுக்கும் காறையும் ஈறு அழற்சியும் இருந்தன. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்ததில், 100 பேரில் 8 பேருக்கு நோய் வேகமாக முற்றிற்று. 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது. 11 பேருக்கு ஈறு அழற்சிக்கு மேல் ஒன்றும் நேரவில்லை. 35 வயதளவில் முதல் கூட்டத்தாரின் பற்பிடிப்பு சுமார் 9 மில்லிமீட்டர் இழக்கப்பட்டிருந்தது. கடைசிக் கூட்டத்தாருக்கு 1 மில்லிமீட்டர் கூட இல்லை. முதல் கூட்டத்தாரிற் பலர் 45 வயதுக்குள் பல்லெல்லாம் இழந்தார்கள்.

எனவே காறை படிந்த வாய்களை மட்டும் எண்ணினால், அந்த எட்டுப் பேரும் பதினொரு பேரும் ஒரே எண்ணுக்குள் கலந்துபோவார்கள். அரை வாயை மட்டும் அளந்தாலோ நோயாளிகள் பலர் தப்பிவிடுவார்கள். அமெரிக்கர்கள் இதை உணர்ந்து, 2009 முதல் ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களை அளந்தார்கள். அவ்வாறு 2012 வரை எடுத்த கணக்கில், 30 வயதுக்கு மேற்பட்டோரில் 46 சதவீதத்தினருக்குப் பல்லின் பிடிப்பையே தாக்கும் ஈறு நோய் இருக்கக் கண்டார்கள். செல்வமும் வைத்திய வசதியும் மிகுந்த தேசத்தின் நிலை இது!

நம் மதுரைச் சீமையில், திருமங்கலத்தை அடுத்த கப்பலூரை எடுத்துக்கொள்வோம். நூற்பாலையும் தொழிற்பேட்டையும் அமைந்த ஊர் அது. அங்கே கணக்கெடுக்க வேண்டுமானால் பல் ஆஸ்பத்திரிக்கு வருவோரை எண்ணுவது போதாது. வலி தாங்காதவரும் வண்டிச் சத்தம் கொடுக்க வல்லவருமே அங்கு வருவார்கள். ஆலைத் தொழிலாளரை மட்டும் எண்ணினால் வீட்டிலுள்ள ஸ்திரீகளும் முதியோரும் விடுபடுவார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கியது போல் பெயர்களைப் பொறுக்கி, வீடு தேடிச் சென்று, இரவுமுறை வேலை முடித்துத் தூங்குபவரை மாலையில் மறுபடி கண்டு அளக்க வேண்டும். புகையிலைப் பழக்கத்தையும் நீரிழிவையும் கேட்டுக் குறிக்க வேண்டும். இவ்விரண்டும் ஈறு நோயை வளர்ப்பவை.

இத்தனை பாடு எதற்கென்று சிலர் கேட்கலாம். தொண்ணூறு பேருக்கு நோயென்றால் சர்க்கார் மலைத்துக் கையைக் கட்டிக்கொள்ளும். வேகமாகப் பல்லிழக்கப் போகும் சிலர் இன்னாரென்று தெரிந்தால், அவர்களுக்கு வேளையோடு வைத்தியம் செய்ய முடியும். கூலி வேலை செய்பவன் நாற்பது வயதில் சோற்றை மெல்ல மாட்டாமற் போவது சிறிய நஷ்டமன்று.

தோட்டத் தமிழர்களின் வாயிலிருந்து உலகத்துப் பாடப் புத்தகங்கள் பாடம் கற்றன. அந்தக் கடனை அவர்களுடைய உறவினரான நாம் நம் ஊர்களில் தீர்ப்போம். அளக்க வருபவர்களுக்குத் தயங்காமல் வாயைத் திறப்போம். அளந்து நோயென்று கண்டவருக்கு வைத்தியமும் தரவேண்டுமென்று வற்புறுத்துவோம். அதுவரை, பல் துலக்கும்போது இரத்தம் கண்டால் ‘ஈறு சூடு’ என்று விட்டுவிடாமல் பல் வைத்தியரிடம் சென்று, “பள்ளம் எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்டு அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நலம்.