நீலப் புகை சொன்ன சேதி

குரங்கணிக்குப் போகிறவர்கள் கொட்டகுடி ஆற்றைப் பார்ப்பார்கள்; மேகம் மூடிய மலைச் சிகரங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் பார்த்துவிட்டு வந்தது புகை! அதுவும் சாட்சாத் நீல நிறப் புகை!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து அக்கா, அத்தான் குடும்பத்தோடு காரில் கிளம்பினேன். காருக்கு எட்டு வயது. டீசலில் ஓடுவது, டர்போ பொருத்தியது. போடிநாயக்கனூரைத் தாண்டி, முந்தலில் போடிமெட்டுச் சாலையை விட்டுப் பிரிந்து, குரங்கணி போய்ச் சேரும்வரை ஒரு குறையும் இல்லை.

அங்கே கடைக்குட்டி பின் ஸீட்டில் தூங்கிவிட்டான். வெயிலுக்குப் பயந்து அத்தான் எஞ்சினை நிறுத்தாமல் ஏ.சி.யை ஓட விட்டார். அந்த அரைமணி நேரத்தில் நான் அக்காவுக்குப் பழங்கதை சொன்னேன். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்த அடிவாரத்துக்கு இறங்கும். 1924-ம் ஆண்டு வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது.

கதை முடிந்து கார் புறப்பட்டதுதான் தாமதம், பின்னால் குபுகுபுவென்று புகை மண்டலம்! டீக்கடை அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொசு மருந்து அடிக்க வந்தீகளா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகமோ வாடிவிட்டது. காரணம் உண்டு. ஒரு மாதமாகவே லேசாகப் புகை இருந்திருக்கிறது. நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டியபோது, "டர்போ போய்விட்டது. புதிது போட 50,000 ரூபாய்க்கு மேல் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். மூத்த பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்காக அக்கா சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அத்தான் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். "எண்ணெய் நிறையவே இருக்கிறது. பயமில்லை" என்றார். மெள்ள உருட்டிக்கொண்டு போடிக்கு வந்தோம்.

போடியில் ஒரு வயதான மெக்கானிக் அகப்பட்டார். புகையை மோந்து பார்த்தார். பிறகு குச்சியை உருவினார். "ஐயா, மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை நிக்குதே! யாரு இம்புட்டு ஊத்துனது?" என்றார்.

அத்தான் அசடு வழிந்தார். புகை வருகிறதே என்ற கிலியில், அளவு பாராமலே வாரம் தவறாமல் ஊற்றி வந்திருக்கிறார்!

"வண்டி எண்ணெய் குடிக்குதுன்னா எந்த வாய் வழியாக் குடிக்குதுன்னு மொதல்ல பாக்கணும் தாயி. அதுக்கப்புறந்தான் டர்போவக் கழட்டணும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகத்தானே போகிறது? அதைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அதே அச்சின் மறு முனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் பலமும் கூடும். ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூச்சி என்பவர் 1905-ல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். காற்று மெலிந்திருக்கும் மலைப் பாதையில் இதன் உதவி மிகப் பெரிது.

அந்த அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். எண்ணெய் மேலிருந்து அழுத்தத்தோடு வரும். வேலை முடிந்ததும் தானாகவே கீழே வடிந்துவிட வேண்டும். நம் வீட்டுச் சமையலறைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டி வழிகிறது. அதற்காகத் தொட்டியையா மாற்றுவோம்?

அக்காவின் காரில் நடந்ததும் அதுவே. எஞ்சின் ஓடும்போது அடிவயிற்றில் சேரும் ஆவி வெளியேற 'பிரீதர்' என்று ஒரு வழி உண்டு. குக்கருக்கு வெயிட் வால்வு மாதிரி. அந்தக் குழாயில் கரி பிடித்த எண்ணெய்க் கசடு களிம்பு போல அப்பியிருந்தது. ஆவி போக வழியில்லை, உள்ளே அழுத்தம். போதாக்குறைக்கு எண்ணெயும் அளவுக்கு மேல். டர்போவிலிருந்து வடிய வேண்டிய எண்ணெய் வடிய முடியாமல், புகைக் குழாய்ப் பக்கம் கசிந்திருக்கிறது. வண்டி நின்றபடியே அரைமணி ஓடியதில் அது தேங்கி, கிளம்பியதும் ஒரேயடியாக எரிந்தது. ஏர் பில்டரும் தூசியடைந்து கிடந்தது. அது அடைபட்டால் டர்போ எதிர்ப்பக்கத்திலும் எண்ணெயை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் அச்சை விரலால் அசைத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் ஆட்டமில்லை. சக்கரம் எங்கும் உரசவில்லை. "டர்போ தங்கமா இருக்கு" என்றார். குழாயைச் சுத்தம் செய்து, அதிக எண்ணெயை வடித்து, புது பில்டர் போட்டார். செலவு 2,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது! பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை சற்றுத் தூரம் புகை வரும் என்று சொல்லி அனுப்பினார். அப்படியே வந்து, ஓய்ந்தது.

எல்லாப் புகையும் இப்படிச் சுலபமாகத் தீரும் என்று எண்ணிவிடாதீர்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும். அச்சு ஆடினால், சக்கரம் உரசினால், டர்போவை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் எண்ணெய்க் குழாய்களையும் பில்டரையும் கவனிக்காவிட்டால் புதியதும் சீக்கிரமே பழையதாகிவிடும்.

இன்னொன்று. மலை ஏறி வந்தவுடன் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால், அடுப்பில் மறந்த வாணலி போல டர்போவுக்குள் எண்ணெய் தீய்ந்து கரியாகிவிடும்.

புகையோடு வண்டியை ஓட்டி வந்ததற்கு அத்தானுக்கு நல்ல டோஸ் கிடைத்தது. டீசல் எஞ்சினுக்குள் எண்ணெய் அதிகமாகப் புகுந்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறி பிடித்தாற்போல் ஓடக்கூடும். கியர் போடும் வண்டியானால், பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாரும் இறங்கி விலகிவிட வேண்டும். சூடான புகைக் குழாயுள்ள வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவும் கூடாது. 2018 மார்ச் 11-ல் காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இருபது பேருக்கு மேல் பலியான துயரத்தைக் கண்ட மலை அது.

"காலையில பொம்பளப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஏலத் தோட்டத்துக்கு மெட்டு ஏறுற ஜீப்புக இருக்கே, அதுல புகை தெரிஞ்சா அன்னைக்கே பாத்துருவோம். பாதி வழியில நின்னா அத்தன பேர் கூலியும் போச்சுல்ல?" என்றார் அந்தப் பெரியவர். அக்கா அதைக் கேட்டு வெகுநேரம் பேசவேயில்லை.

இப்போதெல்லாம் ஞாயிறு காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, அக்காவே குச்சியைத் துடைத்து அளவு பார்க்கிறாள். காலேஜ் சம்பளமும் கட்டியாகிவிட்டது. எண்ணெய் டின் மட்டும் அத்தான் கைக்கு எட்டாமல் பீரோவில் பூட்டி இருக்கிறது!