ஈரான் ஸ்திரீகளின் அபிப்பிராய பேதம்

"ஈரான் தேசத்து ஸ்திரீகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, இவர்களுக்குச் சம உரிமை எவ்விதம் அளிப்பது?" என்று கேட்போர் உளர். இக்கேள்வி நியாயமன்று. அபிப்பிராய பேதமே உரிமையை மறுக்கப் போதிய காரணமாகுமாயின், உலகத்தில் எந்த ஜனசமூகமும் சுதந்திரத்துக்கு அருகதையுடையதாகாது.

பேதம் உண்டென்பது மெய்யே. மார்க்கத்தில் குற்றமில்லை, புருஷர்கள் அதற்குச் செய்த வியாக்கியானத்திலேயே குற்றம் என்பது ஒரு சாராரின் கொள்கை. ஷாஹ்லா ஷெர்கத் அம்மையார் 1992-இல் தொடங்கிய 'ஜனான்' பத்திரிகை இவ்வாதத்துக்கு இடமளித்தது. 2003-இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்ற ஷிரின் எபாதி அம்மையாரும், இஸ்லாமும் சமத்துவமும் முரண்பட்டவையல்ல என்று வாதித்தவரே. சட்டம் மார்க்கத்தினின்று பிரிந்தாலன்றி விமோசனமில்லை என்பர் மற்றொரு சாரார். ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமைகள் வேறு, ஆகவே உரிமைகளும் வேறு என்று சாதிக்கும் ஸ்திரீகளும் அங்கே உண்டு.

ஆனால் ஆட்சியாளர் இவர்களுடைய விருப்பத்தை எப்பொழுதேனும் பொருட்படுத்தியதுண்டா? 1936-இல் ரேஜா ஷா முக்காட்டை விலக்கும்படி உத்தரவிட்டார். போலீஸார் வீதியிலேயே அதைப் பறித்தனர். 1979-ஆம் வருஷப் புரட்சியில் அதிகாரத்துக்கு வந்தவர்களோ அதையே கட்டாயமாக்கினர். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் டெஹரான் வீதிகளில் ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் ஆட்சேபித்தும் பயனில்லை. அணிய விரும்பியவளுக்கு அன்று சுதந்திரமில்லை. விரும்பாதவளுக்குப் பின்னர் இல்லை. நீதிபதியாயிருந்த எபாதி அம்மையாரும், பெண் என்ற ஒரே காரணத்தால் அப்பதவியை இழந்தார்.

இந்நிலையில், 2006-இல் பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் தோன்றிற்று. விவாகரத்து, வாரிசுரிமை, சாட்சியம், கொலையுண்டவர் உயிருக்கு ஈடான தொகை ஆகியவற்றில் பெண்ணைத் தாழ்த்தும் ஷரத்துக்களை நீக்க வேண்டுமென்பதே அதன் கோரிக்கை. மார்க்கப் பற்றுள்ளோரும், சட்டத்தில் மார்க்கத்துக்கு இடங்கூடாது என்போரும் அதில் ஒருங்கே உழைத்தனர். பலர் கைது செய்யப்பட்டனர். கொள்கையில் ஒன்றுபடும்வரை காத்திராமல், கோரிக்கையில் ஒன்றுபட்டதே அவர்களுடைய விவேகம்.

வாதிகள் இருவர் வெவ்வேறு நியாயம் காட்டி ஒரே பரிகாரத்தைக் கோரினால், அதற்காக எந்த நீதிபதியும் வழக்கைத் தள்ளிவிட மாட்டார். சமத்துவம் வேண்டாமென்னும் ஸ்திரீயையும் சம உரிமைச் சட்டம் ஒன்றுக்கும் கட்டாயப்படுத்துவதில்லை. அவள் தன் வழியே வாழலாம். ஆனால் அவளுடைய அபிப்பிராயத்தைக் காட்டி, வேண்டுமென்னும் அடுத்த வீட்டுக்காரியின் உரிமையைப் பறிப்பது எந்தத் தர்மத்துக்கும் அடுக்காது.