மலையும் நட்சத்திரமும் ஒரே படத்தில்

ராத்திரி வானத்தை மட்டும் படம் எடுப்பது ஒன்று. அதன் கீழே ஒரு மலையையும் பனைமரத்தையும் சேர்த்து எடுப்பது வேறு. இரண்டாவதுதான் கஷ்டம். பூமியோடு சேர்ந்து நம் கேமராவும் சுற்றுகிறது. அதனால் மலை நின்ற இடத்தில் நிற்க, நட்சத்திரம் மட்டும் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகர்ந்துவிடும். "இவ்வளவு மெதுவா போறது படத்துல தெரியுமா?" என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். நன்றாகவே தெரியும்!

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், எத்தனை வினாடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்று வரும். சாதாரண லென்ஸ் 18 மி.மீ.; சிறிய சென்சார் என்றால் 1.5-ஆல் பெருக்கி 27. ஆக, 18 வினாடி. இது ஃபிலிம் காலத்துத் தாராளம். இன்றைய கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புழு மாதிரி நீண்டிருக்கும். நான் 12 வினாடியோடு நிறுத்திவிடுவேன். ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் முழுத் திறப்பு. ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் திணறும். அதை அணைத்துவிட்டு, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருக வேண்டியதுதான்.

12 வினாடியில் வானம் ஓரளவு வரும், மலை வராது, கறுப்பாய் நிற்கும். இங்கேதான் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு வேலை. இரண்டு பலகை, ஒரு கீல், 1 மி.மீ. பிட்ச் உள்ள ஒரு எம்6 போல்ட் போதும். கீலின் அச்சிலிருந்து 228.6 மி.மீ. தள்ளி போல்ட்டை மாட்டி, நிமிஷத்துக்கு ஒரு சுற்று திருகினால், மேல் பலகை பூமி சுற்றும் அதே வேகத்தில் திறக்கும். அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்கணும். பலகைமேல் உள்ள கேமரா கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பணும். இப்படி 2 நிமிஷம் எடுத்தாலும் நட்சத்திரம் புள்ளியாகவே இருக்கும். ஆனால் மலை கலங்கிவிடும்! ஆகவே திருகுவதை நிறுத்தி மலைக்குத் தனியாக ஒரு படம் எடுத்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்க்கிறோம்.

இது மோசடி இல்லையா? ஒரே இடம், ஒரே ராத்திரி, ஒரே திசை என்றால் இல்லை என்பது என் கட்சி. எங்கோ எடுத்த பால்வீதியை வேறொரு மலைமேல் ஒட்டுவதுதான் மோசடி. அதைப் பிடிப்பது சுலபம். பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி, விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையே இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே எழுந்து, தெற்கே சுமார் 48 டிகிரி ஏறி, தென்மேற்கே மறையும். வடக்கு பார்த்த மலைக்காட்சியில் அது வந்தால் சந்தேகமே வேண்டாம், ஒட்டு வேலைதான். சிவில் மாணவர் கையில் உள்ள காம்பஸ் போதும், குட்டு உடைந்துவிடும்.

அப்போ வடக்கே ஒன்றுமில்லையா? இருக்கு. துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகைதான். லண்டனில் 51 டிகிரி. ஜவ்வாது மலைக் காவலூரில் 12.5 மட்டுமே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 டிகிரி; அதற்குச் சற்று மேலே. ஆகவே மலைமுகடும் நட்சத்திர வட்டங்களின் மையமும் ஒரே சட்டத்துக்குள் அழகாக அடங்கும். ஒரு மணி நேரம் அடுத்தடுத்து எடுத்த படங்களை அடுக்கினால், ஒவ்வொரு நட்சத்திரமும் 15 டிகிரி வில் போடும்.

2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் காவலூரில் இயங்குவதற்கு அங்குள்ள இருட்டும் ஒரு காரணம். ஆனால் நீண்ட நேரப் படங்களில் அடிவானத்தில் ஊர் வெளிச்சம் மேகம்போல் ஏறி நிற்கிறது. எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்ப எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.

போவதானால் மார்ச் அமாவாசையை ஒட்டி, அதிகாலை 4 மணிக்குத் தென்கிழக்கு பார்த்து நில்லுங்கள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, மூன்று நான்கு பேராகப் போங்கள். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள். ஆய்வகத்தின் பக்கம் மட்டும் அதையும் அடிக்காதீர்கள்.