ஆபீஸ் போகிறவர்கள் – 17: பெயர்ப்பலகை மாறிய பிறகு

தர்மபுரியில் அதியமான் கிராம வங்கி என்று ஒன்று இருந்தது. கடலூரில் வள்ளலார் கிராம வங்கி. 2006-ல் இரண்டையும் சேர்த்து, சேலத்தைத் தலைமையிடமாக வைத்துப் பல்லவன் கிராம வங்கி ஆக்கினார்கள். 2019 ஏப்ரல் 1-ம் தேதி பல்லவனும் விருதுநகர் பாண்டியன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. அதியமானில் எழுத்தராகச் சேர்ந்தவர், ஒருமுறைகூட ராஜினாமாக் கடிதம் எழுதாமல் மூன்று நிறுவனங்களில் சம்பளம் வாங்கியிருப்பார். குறுநில மன்னனும் வள்ளலாரும் இரண்டு பேரரசுகளும் வரிசையாக விடைபெற்றுக்கொள்ள, கடைசியில் மாநிலத்தின் பெயர் மட்டும் மிஞ்சியது.

பெயர்ப்பலகையை மாற்ற ஒரு ஏணியும் ஒரு பகல்பொழுதும் போதும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதன் பிறகு நடப்பதுதான் இந்த வாரச் சங்கதி.

அதை ஆரணியில் வைத்துப் பார்க்கலாம். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். அப்பா குழித்தறியில், அம்மா தார் சுற்ற, பிள்ளைகளில் ஒன்று வங்கித் தேர்வு எழுதி வேலைக்குப் போன வீடுகள் இங்கே உண்டு. ஊர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி, இந்தியன் வங்கி. கிராம வங்கியைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பான்சர் வங்கியும் அதுவே. கிராம வங்கி இணைந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 2020 ஏப்ரல் 1-ல், அந்த இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி இணைந்தது. 1907-ல் சென்னையில் தொடங்கிய வங்கிக்குள், 1865-ல் தொடங்கிய வங்கி வந்து சேர்ந்தது. இணைப்பின்போது நாடு ஊரடங்கில் கிடந்தது. பணியாளர்கள் முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்தபடி புது நிறுவனத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

அதே நாளில் நாடு முழுக்கப் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சுருங்கின. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 12-ல் வந்து நின்றன. 2019 ஆகஸ்ட் 30-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன அனுகூலங்களில் ஒன்று, சேரப்போகும் வங்கிகள் ஒரே மாதிரி மென்பொருளில் இயங்குகின்றன என்பது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அலகாபாத் கணக்குகள் முழுக்க இந்தியன் வங்கியின் கணினிக்குள் வந்து சேர 2021 பிப்ரவரி ஆனது. பழைய அலகாபாத் காசோலைகள் செல்லாமல் போனது அந்த வருடம் அக்டோபர் முதல். காகிதத்தில் ஒரே நாளில் நடந்தது, கவுன்ட்டரில் ஒன்றரை வருடம் நடந்தது.

தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று மாறினாலும் துணியில் தெரிந்துவிடும். வங்கி இணைப்பும் இதே வேலைதான். ஆனால் பாவு பிணைப்பவருக்கு அதற்கென்று தனிக் கூலி உண்டு. அவர் பிணைத்து முடிக்கும்வரை தறி ஓடாது. ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவும் மாட்டார்கள். கிளையில் இருப்பவரோ தறியை ஓட்டிக்கொண்டே பிணைக்க வேண்டும். எதிரே வரிசை நிற்கும்.

"அண்ணே, நெசவாளர் சங்கத்துலேர்ந்து கூலி போட்டாங்களாம், இன்னும் ஏறல."

"ஐஎஃப்எஸ்சி நம்பர் மாறிடுச்சுக்கா. புது நம்பரைச் சங்கத்துல எழுதிக் குடுங்க."

"அதான் பேரை மாத்துனீங்களே, நம்பரையும் எதுக்கு மாத்துனீங்க?"

வங்கி இணைந்த ஊர்களிலெல்லாம் இந்தப் பேச்சு ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்கும். கடைசிக் கேள்விக்குக் கவுன்ட்டரில் இருப்பவரிடம் பதில் கிடையாது. முடிவை எடுத்தவர் டெல்லியில். கேள்விக்கு முகம் கொடுப்பவர் ஆரணியில். அதிகாரத்தின் எடையைவிட இந்தத் தூரம்தான் ஊழியரை அதிகமாகச் சோர வைக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, இணைப்புக்குப் பிறகு படிவங்கள் ஏன் இப்படிப் பெருகுகின்றன? மேலே இருப்பவர்கள் காகிதப் பைத்தியங்கள் என்று கேன்டீனில் சொல்லிக்கொள்கிறோம். காரணம் அதுவல்ல. சின்ன நிறுவனத்தில் பாதி வேலை பழக்கத்தில் நடக்கும். "நான் சொல்றேன், குடுங்க" என்று வட்டார அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னால் போதும்; அவர் குரல் மேலாளருக்குத் தெரியும், மேலாளர் எப்படிப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியும். இணைப்பு முதலில் அறுப்பது இந்தப் பரிச்சயத்தை. புதிதாக வந்த மேலதிகாரிக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கு அவரைத் தெரியாது. நம்பிக்கை இருந்த இடத்தில் மூன்று பிரதி படிவம் வந்து உட்காரும். யாருக்கும் யாரையும் தெரியாத வீட்டில் அலமாரிக்குப் பூட்டுப் போடாமல் என்ன செய்வார்கள்?

இது புரிந்துவிட்டால் கோபத்தில் பாதி குறையும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் தந்திரம் வேண்டும்.

முதலில், எந்தப் படிவத்தை யாரோ படிக்கிறார்கள், எதை யாரும் படிப்பதில்லை என்று கண்டுபிடியுங்கள். தேதி தவறிய மறுநாள் போன் வந்தால் அது படிக்கப்படும் படிவம். ஒரு மாதம் தாமதித்தும் சத்தம் இல்லையென்றால் அதற்காக இரவு எட்டு மணிவரை உட்கார வேண்டாம். அனுப்பிவிடுங்கள், அழகு பார்க்காதீர்கள். எல்லாப் படிவத்தையும் ஒரே சிரத்தையோடு நிரப்புகிறவர்தான் முதலில் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவார்.

அடுத்து, "அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்காங்க" என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றறிக்கை, என்ன எண், என்ன தேதி என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற குரலில் வேண்டாம்; குறித்துக்கொள்கிற குரலில் கேளுங்கள். இணைந்த நிறுவனத்தில் இரண்டு வீட்டுச் சட்டமும் கொஞ்ச காலம் சேர்ந்தே உலவும். பழைய விதி செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று சொல்கிறவருக்கே பல நேரம் நிச்சயம் இருக்காது. எண் கேட்டதும் பாதி உத்தரவுகள் வேண்டுகோளாக இறங்கிவிடும்.

இதில் நெசவாளர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவருக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மறுபடி எடை. சங்கத்தில் அதற்குப் பதிவேடு உண்டு. விவரமான நெசவாளர் அதை நம்பி மட்டும் இருக்க மாட்டார். வாங்கிய எடை, கொடுத்த எடை, கூலி, தேதி எல்லாம் தன் வீட்டு நோட்டிலும் இருக்கும். செயலாளர் மாறலாம், நிர்வாகக் குழு கலைக்கப்படலாம், தனி அதிகாரி வரலாம். நோட்டு வீட்டில் இருக்கும்.

ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேரிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது? விடுப்பு இருப்பு எவ்வளவு, வருங்கால வைப்பு நிதிக்கு வாரிசாக யார் பெயர் இருக்கிறது, பதவி உயர்வு ஆணையின் நகல் எங்கே, வீட்டுக் கடன் எந்த வட்டிக்கு எந்த விதிப்படி அனுமதிக்கப்பட்டது? எல்லாம் "சிஸ்டத்துல இருக்கும்". இணைப்பின்போது முதலில் இடம் மாறுவதே அந்த சிஸ்டம்தான். தரவு மாற்றத் தேதி அறிவித்த அன்றே இவை அத்தனையையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். பழைய கணினியின் கடவுச்சொல் செத்த பிறகு, உங்கள் 40 நாள் விடுப்பு இருந்ததற்கு உங்கள் ஞாபகம் மட்டும்தான் சாட்சி. அந்தச் சாட்சியை யாரும் ஏற்பதில்லை.

சம்பளம் குறையுமோ என்ற பயம் பொதுத்துறை வங்கிகளில் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஊதியத்தை இந்திய வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து இருதரப்பு ஒப்பந்தத்தில் எல்லாப் பொதுத்துறை வங்கிகளுக்கும் பொதுவாக முடிவு செய்கின்றன. பதினொன்றாவது ஒப்பந்தம் இணைப்புக்குப் பிறகு, 2020 நவம்பரில் கையெழுத்தானது. உரசல் வருவது சின்னதாகத் தெரிகிற இடங்களில்: முதுநிலைப் பட்டியலில் யார் முன்னே, இடமாறுதலுக்கு யார் விதி, எந்த வங்கியின் நலச் சலுகை நிற்கும், எது போகும். தனியார் நிறுவனமாக இருந்தால் இந்தப் பொது ஒப்பந்தக் குடையும் இல்லை. அங்கே புதுப் பணி ஆணையில் கையெழுத்துப் போடுமுன் பழைய ஆணையைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்ப்பது மட்டும்தான் வழி.

"எங்க பேங்க்ல இப்படி இல்லீங்க." இணைந்த அலுவலகங்களில் அதிகம் புழங்கும் வாக்கியம் இது. நியாயமான ஏக்கம்தான். ஆனால் பத்து முறை சொன்னவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அதே விஷயத்தை வேறு மாதிரி வைக்கலாம். கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 2001-ல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. பம்பாய் வேகமும் மதுரை நிதானமும் மோதியதைப் பற்றி மேலாண்மைப் பாடங்களில் நிறைய எழுதியாகிவிட்டது. அவ்வளவாகப் பேசப்படாதது இன்னொன்று. மதுரா வங்கி தன் கிராமக் கிளைகள் வழியாக மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுத்துப் பழகியிருந்தது. நகர வாடிக்கையாளர்களையே பார்த்துவந்த ஐசிஐசிஐக்கு அது புது வித்தை. இணைப்புக்குப் பிறகும் அந்த வேலையை அது தொடர்ந்தது. விழுங்கப்பட்ட வங்கியின் ஒரு பழக்கம் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், விழுங்கிய வங்கிக்கு அது தேவைப்பட்டது. உங்கள் பழைய அலுவலகத்தில் நல்லதாக ஒன்று இருந்தால், புது அலுவலகத்தின் எந்தத் தலைவலிக்கு அது மருந்து என்று சொல்லிப் பாருங்கள். மதுரா என்ற பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக இடமாறுதல். அதியமான் காலத்தில் தர்மபுரிப் பக்கத்தோடு முடிந்த கிராம வங்கியின் எல்லை, இன்று சென்னை நீங்கலாக மாநிலம் முழுக்க விரிந்துவிட்டது. சேலத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு ஆரணியும் ராமநாதபுரமும் பட்டியலில் இரண்டு வரிகள். ஆனால் தரையில் குழி வெட்டி இறக்கிய தறியைப் பெட்டி படுக்கையோடு தூக்கிக்கொண்டு போக முடியாது. மகன் போய்விட்டால், வயதான அப்பா நெய்யும் தறிக்குப் பாவு ஏற்றக் கை கொடுக்க ஆளில்லை. இது யாருடைய விதிப்புத்தகத்திலும் இடம் பெறாத காரணம். அதனால் விண்ணப்பத்தில் இதை மட்டும் எழுதினால் நிற்காது. பெற்றோர் வயது, மருத்துவச் சான்று, மனைவியின் வேலை என்று விதிக்குள் வருகிற காரணத்தை முதல் வரியில் வையுங்கள், தறியை இரண்டாம் பத்தியில் எழுதுங்கள். ஆணை வந்த பிறகு அழுவதைவிட, மாறுதல் பட்டியல் தயாராகும் மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது பலன் தரும். மேலாளர் வழியாகவே அனுப்புங்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் ஒரு நகல் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

(தொடரும்)